எனக்கு ஊஞ்சல் வேணும்: பேசச் சிரமப்படுவோருக்கும் இடம் தரும் பூங்கா



மலாய்மொழியில் 'தாமான்' என்றால் பூங்கா. நம் நாட்டில் வீடமைப்புப் பகுதிக்கும் அதே பெயர்தான். கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிப் போகும் 5ஆம் எண் கூட்டரசு சாலையில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் வந்தால், பெயர்ப்பலகைகள் எல்லாம் தாமான் தாமானாகத்தான் இருக்கும். பெயரில் உள்ள பூங்கா நிலத்திலும் கொஞ்சம் இருக்கிறது. வீடமைப்புத் திட்டம் போடும்போது மொத்த நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நகர், கிராமத் திட்டமிடல் துறையின் வழிகாட்டி. அதனால்தான் சின்னத் தாமானில்கூட இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், ஒரு ஓய்வுக் குடில், நாலு நிழல்மரம் என்று ஏதாவது இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் பிள்ளைகள் வருகிறார்கள். பாட்டிமார் நடக்கிறார்கள். பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை முடிந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வந்து உட்காருகிறார்கள்.

யார் வருவதில்லை என்று கவனித்திருக்கிறீர்களா?

'எல்லாருக்கும் ஏற்ற பூங்கா' என்று சொன்னால் நம் மனத்தில் உடனே வருவது சக்கர நாற்காலி போகும் சாய்தளம். இல்லையென்றால் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் பார்க்கும் அந்த மஞ்சள் நிறத் தடவுகற்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால் வெள்ளைக் கோலோடு நடப்பவர்கள் அந்த வட்டாரத்தில் சர்வ சாதாரணம். ஒரு தேவை கண்ணுக்குத் தெரிந்ததால் அதற்கு ஒரு கல் பதிக்கப்பட்டது. (அந்தக் கல்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைப்பவர்களைப் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம்.) ஆனால் பேச முடியாமை, சொல்வது புரியாமை, புரிந்தும் பதில் சொல்ல நேரம் பிடிப்பது, இவையெல்லாம் பார்த்தால் தெரியாது. அந்தப் பிள்ளை ஓடுகிறது, குதிக்கிறது, உடம்பில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அதற்கென்ன தனி வசதி என்று தோன்றுகிறது, இல்லீங்களா?

தொடர்புச் சிரமம் என்பது ஒரே வகையான ஆட்களுக்கு வருவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் வாயால் பேசுவதே இல்லை; சிலர் கேட்டதையே திரும்பச் சொல்வார்கள். பெருமூளை வாதம் உள்ளவர்களில் பலருக்கு எல்லாம் புரியும், நாக்கும் உதடும் ஒத்துழைக்காது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்கள் பேசினால் பழகியவர்களுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். காது கேளாதவர்களின் மொழி கையில் இருக்கிறது. திக்குவாய் உள்ளவர்கள் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவார்கள். இவர்களோடு, பக்கவாதம் வந்து சொல் தொலைந்துபோன பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை தினமும் காலையில் நண்பர்களோடு நடந்துவிட்டுத் தே தாரிக் குடித்தவர். இன்று 'தண்ணி' என்று சொல்ல நினைத்தால் 'கதவு' என்று வாயில் வருகிறது. நண்பர்கள் அன்பாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் காதுக்குள் கத்துகிறார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், சொல்தான் வரவில்லை. நாலு நாள் அப்படிக் கத்தக் கேட்டால் ஐந்தாம் நாள் அவர் வீட்டைவிட்டு இறங்கமாட்டார்.

சமூகநல இலாகா வழங்கும் மாற்றுத்திறனாளி அட்டையில் ஏழு பிரிவுகள் உண்டு: கேட்டல், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பல்வகை. பேச்சு தனிப் பிரிவாகவே இருப்பதைக் கவனியுங்கள். கேட்டல், கற்றல், பல்வகை என்ற பிரிவுகளில் பதிந்துகொண்ட பலருக்கும் பேச்சுச் சிரமம் இருக்கும்.

சண்டைக்குப் பின்னால் ஒரு வாக்கியம்

சிறப்புக் கல்வி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். ஊஞ்சலுக்கு மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் பின்னாலிருந்து வந்து, ஆடிக்கொண்டிருப்பவளின் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். அவள் விழுகிறாள், அழுகிறாள். அவள் பாட்டி ஓடி வருகிறார். "பிள்ளைய வளக்கத் தெரியாதவங்க ஏன் இங்க கூட்டிட்டு வர்றாங்க?" பையனின் அம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்த வாரம் அவர்கள் வருவதில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அந்தப் பையன் செய்தது முரட்டுத்தனமா? அவன் சொல்ல வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "இப்ப என் முறை." அதைச் சொல்ல அவனிடம் இருந்த ஒரே வழி சட்டையை இழுப்பது. 'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பார்கள், 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்பார்கள். நம் பழமொழிகள் இரண்டுமே வாய் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பேசுகின்றன. வாய் வராத பிள்ளைக்கு அழுவதும் இழுப்பதும்தான் மிச்சம். அதற்காகவே அவன் பூங்காவிலிருந்து தள்ளப்படுகிறான். பூங்காவுக்கு வராத பிள்ளைக்கு வரிசையில் நிற்கப் பழக வேறு இடம் ஏது?

இங்கேதான் படப்பலகை வருகிறது. பல நாடுகளில் இப்போது விளையாட்டுத் திடல்களில் இதை வைக்கிறார்கள். பெரிய அறிவிப்புப் பலகை அளவில் ஒரு தகடு, அதில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படமும் அதற்குரிய சொல்லும். பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டுகிறது, எதிரில் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

இதன் பின்னால் உள்ள கருத்து புதிதல்ல. கனடாவின் டொரோன்டோவில் 1971இல் ஷெர்லி மெக்நாட்டன் என்ற ஆசிரியர், பேச முடியாத பிள்ளைகளுக்காக 'பிளிஸ்' குறியீடுகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். ஓர் ஆசிரியர் என்பதை நாம் கொஞ்சம் பெருமையோடே குறித்துக்கொள்ளலாம். தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் 1985இல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் என்ற அமைப்போடு சேர்ந்து, அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் 'ஆவாஸ்' என்ற பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் கருவி குரல் கொடுக்கும். பிறகு அது கைக்கணினிச் செயலியாக மாறியது, தமிழிலும் கிடைக்கிறது. அப்படியானால் பூங்காவில் எதற்குப் பலகை என்று கேட்கலாம். வெயிலில் திரை தெரியாது, மணலில் விழுந்தால் உடையும், மின்கலம் தீரும், முக்கியமாக, அதை வாங்க எல்லாக் குடும்பத்துக்கும் வசதி இராது. தகட்டுப் பலகைக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

'நான் வேண்டும்' என்று எழுதிவிடாதீர்கள்

நம் வட்டாரத்தில் இப்படி ஒரு பலகை வைத்தால் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழியில் எழுத வேண்டியிருக்கும். பெரும்பாலும் என்ன நடக்கும்? ஆங்கிலப் பலகை ஒன்றை எடுத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி அச்சடித்து விடுவார்கள். இந்த இடத்தில் தமிழாசிரியர்கள் தலையிட வேண்டும். இதற்கு நம்மைவிட்டால் வேறு ஆள் கிடையாது.

ஆங்கிலப் பலகையில் தன்னைச் சுட்டும் படம் ஒன்று, விருப்பத்தைச் சுட்டும் படம் ஒன்று, ஊஞ்சல் படம் ஒன்று என்று வரிசையாக இருக்கும். மலாயிலும் அதே வரிசை சரியாக வரும். தமிழில் அப்படியே மாற்றினால் 'நான் – வேண்டும் – ஊஞ்சல்' என்று நிற்கும். 'நான் வேண்டும்' என்றால் தமிழில் பொருளே வேறு, அம்மாவைப் பார்த்து "உங்களுக்கு நான் வேணுமா, தம்பி வேணுமா?" என்று கேட்கும் பிள்ளையின் வாக்கியம் அது. நமக்கு 'வேணும்' என்ற சொல் நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது: எனக்கு. 'பிடிக்கும்', 'வலிக்குது', 'பசிக்குது', 'தெரியும்' எல்லாமே அப்படித்தான். ஆகவே தன்னைச் சுட்டும் கட்டத்தில் 'நான் / எனக்கு' என்று இரண்டையும் எழுத வேண்டும். வேற்றுமை உருபை நாம் தேர்வுக்குத்தான் படிக்கிறோம் என்று நினைக்கும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது கட்டங்களின் வரிசை. அமெரிக்காவில் எடித் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காதுகேளா ஆசிரியர் 1926இல் வெளியிட்ட நூலில், காதுகேளாப் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பைக் கற்பிக்கச் சொற்களை இடமிருந்து வலமாக வகைப்படுத்தும் முறையைக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த வண்ண முறைதான் இன்றைய பலகைகளில் பரவலாக இருக்கிறது: ஆட்களுக்கு மஞ்சள், செயலுக்குப் பச்சை, பொருளுக்கு ஆரஞ்சு, தன்மைக்கு நீலம். இதில் செயல் நடுவில் வரும், பொருள் கடைசியில் வரும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'எனக்கு ஊஞ்சல் வேணும்.' அப்படியென்றால் தமிழ்ப்பிள்ளையின் விரல் இடப்பக்கம் தொட்டு, வலப்பக்கம் தாவி, மறுபடி நடுவுக்கு வரும். நான்கு மொழிக்கும் ஒரே பலகை என்றால் இதைத் தவிர்க்க முடியாது. எதிரில் இருப்பவர் எந்த வரிசையில் தொட்டாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும், அவ்வளவே. 'ஊஞ்சல்' என்ற ஒரே கட்டத்தைத் தொட்டாலும் அது முழு வாக்கியம்தான்.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில் நம்மில் சிலருக்கு மனம் உறுத்தும். 'தண்ணீர்' என்று எழுதுவதா, 'தண்ணி' என்று எழுதுவதா? 'மேலும்' என்பதா, 'இன்னும்' என்பதா? என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் அந்தப் பிள்ளை காதில் விழும் சொல்லையே எழுத வேண்டும். பலகை இலக்கணத் தேர்வு அல்ல. எழுத்துத் தமிழைக் கற்பிக்க நமக்கு வகுப்பறை இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் அண்ணனோ அக்காவோ அதை உரக்கப் படிக்கும்போது பிள்ளைக்குப் பழகிய சொல்லாக ஒலிக்க வேண்டும். "மேலும்" என்று எந்த வீட்டிலும் ஊஞ்சல் தள்ளச் சொல்வதில்லை. "இன்னும்", "இன்னொரு தடவ" என்றுதான் சொல்கிறார்கள். 'நிறுத்து' என்று ஒரு கட்டம் இருக்கட்டும். ஆனால் அதைவிட நம் வீடுகளில் அதிகம் புழங்குவது 'போதும்'. சாப்பாட்டிலும் விளையாட்டிலும் கோபத்திலும் அந்த ஒரு சொல் வேலை செய்கிறது. அதற்கு ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். 'சறுக்குமரம்' என்பதா 'ஸ்லைட்' என்பதா என்பதை அந்தந்தத் தாமான் பிள்ளைகளிடமே கேட்டு முடிவு செய்யலாம்.

அன்றாடப் பேச்சில் பெரும்பகுதியைச் சில நூறு சொற்களே நிரப்பிவிடுகின்றன என்பது பேச்சுத் துறையில் நன்கு அறியப்பட்ட செய்தி. அவை பெரும்பாலும் பெயர்ச்சொற்கள் அல்ல. வா, போ, வேணும், வேணாம், இன்னும், போதும், என்னோடது, எங்க, யாரு, பாரு, முடிஞ்சது, இந்த மாதிரிச் சொற்கள். பூங்காப் பலகையில் ஊஞ்சல், மணல், பந்து என்று பொருள்களின் படங்களை மட்டும் நிரப்பினால் அது பாலர்பள்ளிச் சுவரொட்டியாகத்தான் இருக்கும். பிள்ளை பெயர் சொல்லும், ஆனால் பேசாது. 'வேணாம்' என்று மறுக்கவும், 'வலிக்குது' என்று முறையிடவும், 'என்னோட விளையாட வா' என்று கூப்பிடவும் கட்டங்கள் இருந்தால்தான் அது பேச்சு. அவசரத்துக்கு 'டாய்லெட்', 'அம்மா எங்க?' இரண்டும் கண்டிப்பாக வேண்டும்.

பலகை வைக்கும் இடமும் முக்கியம். அழகாக இருக்கட்டும் என்று நுழைவாயிலில் நட்டுவைத்தால் யாரும் தொடமாட்டார்கள். ஊஞ்சலுக்கு வேண்டிய பேச்சு ஊஞ்சலுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கைக்கும், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவரின் கைக்கும் எட்டும் உயரம் வேண்டும். முன்னால் தளம் சமமாக இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சாதாரண அச்சு சில மாதத்தில் வெளுத்துவிடும்; மழைக்கு ஓரம் உரியும். கடைப் பெயர்ப்பலகை செய்பவர்களிடம் வெயில் தாங்கும் மை எது என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மதிய வெயிலில் உலோகத் தகடு கையைச் சுடும், ஆகவே நிழலில் வையுங்கள்.

பலகையின் மறுபாதி

இனிச் சொல்வதுதான் கடினமான பகுதி. பலகை நட்ட அன்று நாளிதழில் படம் வரும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், யாரும் அதைத் தொடமாட்டார்கள். காரணம் எளிது. பேச முடியாத பிள்ளை மட்டும் பயன்படுத்த வேண்டிய ஒன்று என்று எல்லாரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளையும் யாரும் பேசாத மொழியைக் கற்றுக்கொள்வதில்லை. நம் வீட்டுக் குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்குமுன் ஓராண்டு நாம் அதனிடம் பேசிக்கொண்டே இருக்கிறோம். பலகை மொழிக்கும் அதே கதைதான். அம்மா "இன்னும் தள்ளட்டுமா?" என்று கேட்கும்போதே 'இன்னும்' கட்டத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அண்ணன் "போதும்டா" என்று சொல்லும்போது அவன் விரலும் அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும். பேசக்கூடிய பிள்ளைகள் விளையாட்டாக அதைத் தொட்டுத் தொட்டுப் பேசினால், பேசாத பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்ளும். "தொட்டுக் காட்டு, காட்டினாத்தான் தருவேன்" என்று மிரட்டினால் பலகை இன்னொரு தேர்வுத்தாள் ஆகிவிடும்.

அப்புறம் காத்திருப்பது. இது காசு செலவில்லாத வசதி, ஆனால் நமக்குக் கைவராத வசதி. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். பத்து வரை எண்ணுவது எவ்வளவு நீளம் என்று வகுப்பில் ஒரு தடவை செய்து பார்த்தால் தெரியும். நம்மில் பலர் மூன்று எண்ணுவதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். திக்குபவரின் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பது உதவி என்று நினைக்கிறோம். அவருக்கு அது வாயைப் பொத்துவது போல. பக்கவாதம் வந்தவரிடம் ஒரே மூச்சில் நாலு கேள்வி கேட்காமல், ஆமாம் இல்லை என்று தலையசைக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டுக் காத்திருக்கலாம். சொன்னது புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்ட வேண்டாம். "புரியல, இன்னொரு தடவ காட்டுங்க" என்று சொல்வதுதான் மரியாதை.

சத்தத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபெருக்கி வைத்து நடக்கும் ஸும்பா நல்ல விஷயம்தான். ஆனால் காதுக்கருவி போட்டவருக்கு அந்த ஒலிபெருக்கியும் பக்கத்தில் பேசுபவரின் குரலும் ஒன்றாகக் கலந்துதான் கேட்கும். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் உடம்பில் அடிப்பது போல இருக்கும். பூங்காவின் ஒரு மூலையையாவது அமைதியாக விட்டுவைக்கலாம். செடிவேலியோ மண்மேடோ போதும், மூடிய அறை தேவையில்லை. நம் நாட்டில் இது கேள்விப்படாத யோசனையும் இல்லை. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் சன்வே பிரமிட் பேரங்காடியிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக அமைதி அறைகள் இருக்கின்றன. கடைக்கும் விமானத்துக்கும் வந்துவிட்ட வசதி திறந்தவெளிக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

பெஞ்சுகளைப் பாருங்கள். வரிசையாக, எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் போட்டிருப்பார்கள். சைகைமொழியில் பேசுபவர்கள் அதில் எப்படி உட்கார்ந்து பேசுவது? அவர்களுக்கு முகமும் கையும் தெரிய வேண்டும். காதுகேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் வாஷிங்டனில் இருப்பது, இதையே ஒரு கட்டடக்கலைக் கொள்கையாக வளர்த்தது: வட்டமாக அமரும் இடம், இருவர் அருகருகே நடந்துகொண்டே சைகையில் பேசும் அளவுக்கு அகலமான பாதை, முகத்தில் நிழல் விழாத வெளிச்சம். அரைவட்டமாகப் போட்ட பெஞ்சு காது கேட்கும் பாட்டிமாருக்கும் வசதிதான். மலேசியச் சைகைமொழி படிக்க விரும்பும் ஆசிரியர்கள் பிரிக்பீல்ட்ஸ் ஒய்எம்சிஏவில் விசாரிக்கலாம். காதுகேளாதோருக்கான பணி அங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது, யாரிடம் கேட்பது

நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது, சட்ட எண் 685. அதன் 26ஆம் பிரிவு பொது வசதிகளையும் கட்டடங்களையும் மற்றவர்களைப் போலவே பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. 32ஆம் பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் பற்றியது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை ஒப்பந்தத்தை மலேசியா 2010 ஜூலையில் ஏற்று உறுதிசெய்தது. அந்த ஒப்பந்தத்தின் 2ஆம் விதி, தொடர்பு என்றால் பேச்சும் எழுத்தும் மட்டுமல்ல, சைகை, பிரெய்ல், எளிய மொழி, மாற்றுத் தொடர்பு முறைகள் எல்லாமே என்று விளக்குகிறது. 30ஆம் விதி, மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டில் கலந்துகொள்ளும் வாய்ப்பைக் கேட்கிறது. ஆக, படப்பலகை கேட்பது சலுகை கேட்பதல்ல. ஆனால் 2008இல் இயற்றிய அந்தச் சட்டத்தில், மீறினால் இன்ன தண்டனை என்று பிரிவு இல்லை என்ற குறையை மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகின்றன. அதனால் உரிமை தாளில் இருக்கிறது. பூங்காவுக்கு அது வருவதும் வராததும் கேட்பவர்களைப் பொறுத்து இருக்கிறது.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரில் 'கிலிகிலி' என்ற குழு, மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் தனிப் பூங்கா கேட்கவில்லை. இருக்கிற மாநகராட்சிப் பூங்காக்களிலேயே, கோல்ஸ் பூங்கா போன்ற இடங்களில், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் பகுதி வேண்டும் என்று மாநகராட்சியோடு பேசி, கட்டுவதிலும் கூட இருந்தார்கள். சென்னை மாநகராட்சியும் சாந்தோமில் அப்படி ஒரு விளையாட்டுப் பூங்காவை அமைத்தது. தனியாக ஒரு சிறப்புப் பூங்கா கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி அது இருந்தால் மாதம் ஒருமுறை போகலாம். ஊஞ்சல் வரிசையில் நிற்கப் பழக, வீட்டுக்குப் பக்கத்துத் திடல்தான் வேண்டும், அதுவும் தினமும்.

தெலுக் பங்லிமா காராங் திடல்களைப் பராமரிப்பது கோல லங்காட் நகராண்மைக் கழகம், தலைமையகம் பந்திங்கில். உங்கள் வட்டாரத்துக்கு ஒரு நகராண்மைக் கழக உறுப்பினர் இருப்பார். ஆனால் வெறுங்கையோடு போய் "ஏதாவது செய்யுங்க" என்று கேட்பதைவிட, முதலில் நாமே செய்து பார்ப்பது நல்லது. பள்ளியில் ஏ3 தாளில் முப்பது கட்டத்தில் ஒரு பலகை செய்யுங்கள். படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு நடத்தும் 'அராசாக்' தொகுப்பு இருக்கிறது. வணிக நோக்கமில்லாமல் இலவசமாகப் பயன்படுத்தலாம், எடுத்த இடத்தைக் குறிப்பிட வேண்டும். தாளை லேமினேட் செய்து, ஊஞ்சல் கம்பத்தில் கேபிள் டையால் கட்டி, ஒரு மாதம் சாயங்காலங்களில் கவனியுங்கள். எந்தக் கட்டத்தைத் தொட்டார்கள், எந்தக் கட்டம் இல்லாமல் தவித்தார்கள் என்று குறித்துவையுங்கள். எழுத்துத் தெரியாத சின்னப் பிள்ளைகளும், மலாய் சரியாக வராத வெளிநாட்டுத் தொழிலாளர்களும்கூடப் பயன்படுத்துவதைப் பார்ப்பீர்கள். அந்தக் குறிப்பேட்டோடு போனால் உறுப்பினருக்குப் பேச ஏதாவது கிடைக்கும். வட்டாரத் திட்ட வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போதும் கருத்து எழுதிக் கொடுக்கலாம். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது.

கம்பத்தில் கட்டுவதற்குமுன் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் கடன் விளம்பரத் தாள்களோடு சேர்த்து அதையும் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

தேர்வெழுதும் மாணவர்களுக்கு

எஸ்பிஎம் கருத்து விளக்கக் கட்டுரையில் மாற்றுத்திறனாளிகள் பற்றியோ, பொது வசதிகள் பற்றியோ தலைப்பு வந்தால் இந்தச் செய்திகள் உதவும். திருத்தும்போது அடிக்கடி பார்க்கும் இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். 'அரசாங்கம் நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எந்த அரசாங்கம்? திடல் ஊராட்சி மன்றத்தின் கையில், மாற்றுத்திறனாளி அட்டை சமூகநல இலாகாவின் கையில், பள்ளி கல்வியமைச்சின் கையில். யார், என்ன, எங்கே என்று எழுதினால் கருத்து நிற்கும். 'ஊமை', 'செவிடு', 'பாவப்பட்டவர்கள்' என்ற சொற்கள் வேண்டாம். 'பேச்சுச் சிரமம் உள்ளவர்', 'காதுகேளாதவர்' என்று எழுதுங்கள். 'இவர்களுக்கும் மனம் உண்டு' என்ற வாக்கியத்தையும் விட்டுவிடலாம், அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு கருத்தை எடுத்தால் அதற்குக் காரணம், எடுத்துக்காட்டு, விளைவு மூன்றையும் கொடுங்கள். பலகையை ஊஞ்சலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கருத்து. பேச்சு அங்கேதான் நடக்கிறது என்பது காரணம். சட்டையைப் பிடித்து இழுத்த பையன் எடுத்துக்காட்டு. அவனும் அவன் அம்மாவும் அடுத்த வாரமும் திடலுக்கு வருவது விளைவு.

பயிற்சிக்கு ஒரு கேள்வி: உங்கள் தாமான் திடலுக்கு முப்பது கட்டத்தில் ஒரு தமிழ்ப் படப்பலகை செய்வதானால் எந்த முப்பது சொற்களை எடுப்பீர்கள்? பத்துக்கு மேல் பெயர்ச்சொல் இருக்கக்கூடாது. பட்டியலை வீட்டில் தம்பி தங்கையிடம் காட்டி, ஒரு சாயங்காலம் அந்தச் சொற்களை மட்டுமே வைத்துப் பேசிப் பாருங்கள். எந்தச் சொல் விட்டுப்போனது என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.